இறாலுக்குத் திறந்த நீதிமன்றக் கதவு

கடந்த பொங்கலன்று மேரிலாந்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் மதியச் சாப்பாடு. வாஷிங்டன் நகரை ஒட்டிய பணக்காரப் புறநகர். நான் இரண்டு பஸ் மாறி, கடைசி ஒரு மைலை நடந்தே போய்ச் சேர்ந்தேன். ஆய்வு மாணவியிடம் கார் கிடையாது என்பதே அங்கே பலருக்கு வியப்பு. பேச்சு, அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ‘பர்ப்பிள் லைன்’ ரயிலுக்குத் திரும்பியது. “ரயில் நல்லதுதாம்மா. ஆனா வந்துச்சுன்னா யார் யாரோ வந்து இறங்குவாங்க. அப்புறம் இந்த ஏரியா இப்படியே இருக்காது. தப்பா எடுத்துக்காத” என்றார் வீட்டுக்கார அம்மா.

நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ‘யார் யாரோ’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அமெரிக்காவில் இல்லை. சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில், சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று சுற்றிவளைத்துக் கேட்டுவிட்டு, “யார் யாருக்கோ கொடுக்கிறதில்லைங்க” என்று கதவைச் சாத்தினார்களே, அந்தச் சொல். கடல் கடந்து, குடியுரிமை வாங்கி, வெள்ளைக்காரத் தெருவில் வீடும் வாங்கியபின் அது கறுப்பின மக்களையும் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்களையும் குறிக்கிறது. ஆள் மாறியிருக்கிறார், சொல் மாறவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரை அந்த அம்மாவைப் பற்றியது அல்ல. அவர் மனதில் இருப்பதைச் சொன்னார். அதே ‘யார் யாரோ’வை மரம், ஓடை, இரைச்சல், பயணிகள் கணக்கீடு என்று நாகரிகமான சொற்களில் எழுதி, நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, ஒரு ரயில் திட்டத்தை நிறுத்திவைக்க முடிந்தது. எப்படி முடிந்தது என்பதைப் பற்றியது. நம் தோழர்கள் பலர் அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது கண் விரியப் பேசுகிறார்கள். “ஒரு மரத்தை வெட்டக்கூட மக்களைக் கேட்க வேண்டும் பாருங்கள்” என்கிறார்கள். கேட்க வேண்டும்தான். எந்த மக்களை?

பர்ப்பிள் லைன் ஓர் இலகு ரயில். மெட்ரோவைப் போல ஆழச் சுரங்கமோ, நெடுக உயர்ந்த தூண்களோ இல்லாமல், பெரும்பாலும் சாலை மட்டத்திலேயே, சாலையை ஒட்டியே ஓடுவது. 1953-ல் நாம் மூட்டைகட்டி அனுப்பிய சென்னை டிராமின் பேத்தி என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கே பெத்தெஸ்டாவிலிருந்து கிழக்கே நியூ கரோல்டன் வரை சுமார் 26 கிலோமீட்டர், 21 நிலையங்கள். வாஷிங்டனின் மெட்ரோ பாதைகள் நகர மையத்தை நோக்கிப் போகின்றன. இது புறநகரையும் புறநகரையும் இணைக்கிறது. மேற்கு முனையில் நாட்டின் மிக வசதியான வெள்ளைக் குடியிருப்புகள். நடுவிலும் கிழக்கிலும் அந்த வீடுகளைத் துடைப்பவர்கள், தோட்டம் வெட்டுபவர்கள், உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர்கள். காலையில் கிழக்கிலிருந்து மேற்கே போகும் பஸ்ஸில் ஒருமுறை ஏறினால் போதும், இந்த ரயில் யாருக்கு வேண்டும் என்று புரிந்துவிடும்.

மேற்கு முனையில் இருக்கும் செவி சேஸ் என்ற ஊரின் பிறப்பைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1890-ல் பிரான்சிஸ் நியூலேண்ட்ஸ் என்பவர் ஒரு நில நிறுவனத்தைத் தொடங்கி, வாஷிங்டனுக்கு வடக்கே பண்ணை நிலங்களை வாங்கிக் குவித்தார். வெறும் வயலில் யார் வீடு வாங்குவார்கள்? எனவே தானே மின்சார டிராம் பாதை போட்டார். ஆம், செவி சேஸ் ரயில் போட்டு விற்கப்பட்ட ஊர். மனைப் பத்திரத்திலேயே வீட்டின் குறைந்தபட்ச விலை இவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. ஏழை உள்ளே வர முடியாது, கடை வைக்க முடியாது. இதே நியூலேண்ட்ஸ் பின்னாளில் செனட்டராக இருந்தபோது, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த 15-ஆவது சட்டத் திருத்தத்தை ரத்து செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். அவர் கட்டிய ஊருக்குத்தான் நூற்றாண்டு கழித்து, வேறொரு ரயில் வருவது பண்பாட்டுச் சீரழிவாகத் தெரிந்தது.

தனிமனிதர் ஒருவரின் வெறி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அதே மேரிலாந்தின் பால்டிமோர் நகரம் 1910-ல், எந்தத் தெருவில் எந்த இனம் குடியிருக்கலாம் என்று சட்டமே போட்டது. நம் ஊரில் அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை, சாதியே போதுமானதாக இருந்தது. 1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தைப் பெயர் சொல்லிப் பிரிக்கும் மண்டலச் சட்டங்கள் செல்லாது என்றது. 1926-ல் அதே நீதிமன்றம் இனத்தின் பெயரைச் சொல்லாமல், ‘இங்கே தனிவீடு மட்டும், அங்கே அடுக்குமாடி’ என்று பிரிப்பது செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்றே வருணித்தது. வாடகைக்கு இருப்பவர்களைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது ரயில் பாதைக்கு வருவோம். பெத்தெஸ்டாவுக்கும் சில்வர் ஸ்பிரிங்குக்கும் இடையே பழைய சரக்கு ரயில் தடம் ஒன்று இருந்தது. 1985-ல் கடைசி ரயில் போனது. 1988-ல் மாண்ட்கோமரி கவுன்ட்டி அரசு அந்தத் தடத்தை விலைக்கு வாங்கியது. இதற்கு உதவிய மத்தியச் சட்டம் சுவாரசியமானது. கைவிடப்பட்ட ரயில் தடத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல், நாளை மீண்டும் ரயில் ஓட்டுவதற்காக முழுசாகக் காப்பாற்றி வை, அதுவரை நடைபாதையாகப் பயன்படுத்திக்கொள் என்பதே அதன் சாரம். அதாவது அந்த நிலம் ரயிலுக்காகக் காத்திருந்த நிலம். ஆனால் இருபது ஆண்டுகள் அதில் காலை ஓட்டம் ஓடியவர்களுக்கு அது தங்கள் வீட்டுக் கொல்லையாகிவிட்டது. அந்தத் தடம் நடுவே ஊடறுத்துப் போகும் கோல்ஃப் கிளப் ஒன்று பல ஆண்டுகள் எதிர்த்தது. 2013-ல் பாதையைச் சற்றே நகர்த்த அரசு ஒப்புக்கொண்டதும் எதிர்ப்பைக் கைவிட்டது. செவி சேஸ் ஊராட்சி, வரிப்பணத்தில் வாஷிங்டனின் லாபி நிறுவனங்களை அமர்த்திக்கொண்டது.

2014 மார்ச்சில் மத்திய அரசு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்டில் நடைபாதை ஆர்வலர் அமைப்பும் அப்பகுதிவாசிகள் இருவரும் வழக்குப் போட்டார்கள். அதில் ஒரு வாதம் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களுக்கான 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. ராக் கிரீக் ஓடையை ஒட்டிய ஊற்றுகளில் கண்ணே இல்லாத, நிறமே இல்லாத, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இறால் போன்ற உயிர் ஒன்று வாழ்கிறது. ரயில் அதை அழித்துவிடும் என்றார்கள். அந்த வாதம் எடுபடவில்லை. ஆனால் வாஷிங்டன் மெட்ரோவில் பயணிகள் குறைந்துவருவதை அரசு சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்ற வாதம் எடுபட்டது. 2016 ஆகஸ்ட் 3 அன்று, 90 கோடி டாலர் மத்திய நிதிக்கான ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, நீதிபதி ரிச்சர்ட் லியோன் ஒப்புதலை ரத்து செய்தார். 2017-ல் மேல்முறையீட்டில் அது மாறும்வரை ஓராண்டு போனது.

எனக்கு அந்த இறாலின் மீது கோபம் இல்லை, அது வாழட்டும். அந்த மரங்களும் வாழட்டும். நான் கேட்பது வேறு. நீதிமன்றப் படியேற ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும்? ‘எனக்குப் பாதிப்பு’ என்று காட்ட வேண்டும். அழகுணர்வுக்கும் பொழுதுபோக்குக்கும் வரும் கேடுகூட அப்படிப்பட்ட பாதிப்புதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. நான் தினமும் நடக்கும் பாதையின் நிழல் போய்விடும் என்றால் அது வழக்கு. சரி, என் வாடகை ஏறிவிடும் என்றால்?

அங்கிருந்து சில மைல் கிழக்கே லாங்லி பார்க். எல் சால்வடாரிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைந்த இடம். பெரும்பாலோர் பழைய அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருப்பவர்கள். ரயில் வந்தால் முதலில் பயன்பெற வேண்டியவர்கள் இவர்கள், முதலில் துரத்தப்படக்கூடியவர்களும் இவர்களே. நிலையம் வரும் என்ற பேச்சு கிளம்பும்போதே நிலத்தின் விலை ஏறும், கட்டடம் கைமாறும், வாடகை உயரும். சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்துக்கு 1978-ல் எழுதப்பட்ட விதிகள் இதைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: பொருளாதார, சமூக விளைவுகள் மட்டுமே இருக்குமானால், அதற்காக ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரயிலுக்காக உங்கள் வீட்டை நேரடியாக இடித்தால், வாடகைதாரராக இருந்தாலும் 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி இடமாற்ற உதவி உண்டு. ரயில் வருவதால் வாடகை ஏறி நீங்களே பெட்டியைத் தூக்கினால், சட்டத்தின் கண்ணில் யாரும் உங்களை வெளியேற்றவில்லை. நீங்களாகப் போனீர்கள். வாடகைக் கட்டுப்பாட்டு விதிகள் கவுன்ட்டி அளவில் அண்மையில் வந்தன. அவற்றைத் தந்தது ரயில் சட்டம் அல்ல, வாடகைதாரர்களின் போராட்டம்.

இனநீதியைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஓர் ஆணை இல்லாமல் இல்லை. 1994-ல் அதிபர் கிளின்டன் பிறப்பித்தது. ஏழைகள் மீதும் சிறுபான்மையினர் மீதும் சுற்றுச்சூழல் கேடு அளவுக்கு மீறி விழக்கூடாது என்றது. அந்த ஆணையின் கடைசிப் பகுதியைப் படிக்க வேண்டும். இதை வைத்து யாரும் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்று அதிலேயே எழுதியிருந்தது. கையில் கொடுத்துவிட்டு, பயன்படுத்தாதே என்பது. 2025 ஜனவரியில் டிரம்ப் அதையும் ரத்து செய்துவிட்டார்.

லிட்டன்ஸ்வில் என்ற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த 1853-ல், சாமுவேல் லிட்டன் என்ற சுதந்திரக் கறுப்பர் நிலம் வாங்க, உருவான குடியிருப்பு. பக்கத்தில் ரயில் தண்டவாளம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையர் பகுதி. 1918-ல் கட்டப்பட்ட டால்பட் அவென்யூ பாலம் என்ற ஒற்றை வழிப் பாலத்தின் மீது நடந்துதான் இவர்கள் வேலைக்கும் கடைக்கும் பஸ்ஸுக்கும் போனார்கள். சுற்றிலும் நகரம் வளர்ந்தபோதும் இவர்கள் தெருக்கள் வெகுகாலம் மண் சாலைகளாகவே கிடந்தன. பிறகு ‘நகர்ப்புறப் புதுப்பிப்பு’ என்று பல வீடுகளை இடித்தார்கள். பர்ப்பிள் லைனுக்குத் தடத்தை அகலப்படுத்த அந்தப் பாலம் 2019-ல் அகற்றப்பட்டது. புதுப் பாலம் வந்திருக்கிறது, நிலையத்துக்கு லிட்டன்ஸ்வில் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாலத்தின் படத்தை முதலில் பார்த்தபோது நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சேரிக்கும் ஊருக்கும் நடுவே தண்டவாளம்தான். பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் அந்தப் பக்கம். எங்களுக்குப் பாலமே இல்லை, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடுவோம்.

செவி சேஸ்காரர்கள் நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே மாநிலத்தில் இன்னொன்றும் நடந்தது. பால்டிமோரில் கறுப்பின மக்கள் வாழும் மேற்குப் பகுதியை வேலைவாய்ப்பு மையங்களோடு இணைக்க ‘ரெட் லைன்’ என்ற இலகு ரயில் திட்டமிடப்பட்டிருந்தது. பல ஆண்டு ஆய்வு முடிந்து, மத்திய அரசின் 90 கோடி டாலர் தயாராக இருந்தது. 2015 ஜூனில் ஆளுநர் லாரி ஹோகன் ஒரே அறிவிப்பில் அதைத் தூக்கிப் போட்டார். பர்ப்பிள் லைனை வைத்துக்கொண்டார். மாநிலத்தின் பங்குப் பணத்தைச் சாலைகளுக்குத் திருப்பினார். ஃப்ரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் பிடியில் காயமுற்று இறந்து, பால்டிமோர் கொந்தளித்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

கறுப்பின மக்கள் என்ன செய்ய முடிந்தது? என்.ஏ.ஏ.சி.பி.யின் சட்ட உதவி நிதியம் அந்த ஆண்டு டிசம்பரில், 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவின் கீழ் போக்குவரத்துத் துறைக்குப் புகார் அனுப்பியது. கவனியுங்கள், வழக்கு அல்ல, புகார். ஏனென்றால் அரசின் முடிவு ஓர் இனத்தை அதிகமாகப் பாதிக்கிறது என்று மட்டும் காட்டி ஒரு குடிமகன் அந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போட முடியாது என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, 1977-ல், சிகாகோவை ஒட்டிய ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்ற புறநகர் ஏழைகளுக்கான வீடுகளைத் தடுத்த வழக்கிலும் இதையே சொன்னது: விளைவு போதாது, நோக்கத்தை நிரூபி. புகார் துறையிடம் போனது. 2017-ல் ஆட்சி மாறியது. எந்த முடிவும் சொல்லாமல் கோப்பை மூடிவிட்டார்கள். ரெட் லைனுக்கு மறுபடி உயிர் கொடுக்க 2023-ல் வேறொரு ஆளுநர் வர வேண்டியிருந்தது.

நிழல் போகிறது என்றவருக்கு நீதிபதி கிடைத்தார். ரயிலே போய்விட்டது என்றவருக்கு ஒரு தபால் முகவரி கிடைத்தது.

‘நோக்கத்தை நிரூபி’ என்ற இந்த வித்தை நமக்குப் புதிதா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் ‘என்ற காரணத்தால்’ குற்றம் நடந்தது என்று நிரூபிக்கச் சொல்லி எத்தனை கொலைகளை, எத்தனை வல்லுறவுகளைச் சாதாரணக் குற்றமாகச் சுருக்கினார்கள்? 2015 திருத்தத்தில்தான் அது, சாதியை ‘அறிந்தே’ செய்தால் போதும் என்று மாறியது. மனதுக்குள் புகுந்து நோக்கத்தைத் தேடச் சொல்லும் சட்டம், ஆதிக்கம் செய்பவரின் மௌனத்துக்குத் தரப்படும் பாதுகாப்பு. செவி சேஸில் எவரும் ‘கறுப்பர்கள் வரக்கூடாது’ என்று மனுவில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

“அப்படியானால் சுற்றுச்சூழல் சட்டமே வேண்டாம் என்கிறாயா?” என்று கேட்கும் தோழர்களுக்கு: இல்லை. ஆலைப் புகைக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் எதிராகக் கறுப்பின மக்களும் பழங்குடிகளும் அதே சட்டத்தைக் கையில் எடுத்துப் போராடியிருக்கிறார்கள். 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பல்லைப் பெருமளவு பிடுங்கியது. யூட்டாவில் எண்ணெய் ஏற்றிச் செல்லும் ரயில் பாதை வழக்கில். அதில் மகிழ எனக்கு ஒன்றும் இல்லை. பர்ப்பிள் லைனையும் நான் புனிதப்படுத்தவில்லை. தனியார் கூட்டு என்று ஆரம்பித்து, 2020-ல் கட்டுமான நிறுவனம் பாதியில் கழன்றுகொள்ள, 2022-ல் ஓட வேண்டிய ரயில் 2027-28 குளிர்காலத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. தோண்டிப்போட்ட சாலையோரத்தில் வியாபாரம் படுத்துப்போனவை பெரும்பாலும் குடியேறிகளின் சின்னக் கடைகள்.

நான் சொல்வது, கருத்துக் கேட்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சட்டத்தைக் கொண்டாடாதீர்கள் என்பதே. யாருடைய இழப்பை அது இழப்பு என்று எண்ணுகிறது என்று பாருங்கள்.

நம் ஊரில் அப்படிப் பார்த்தால், விசித்திரமாக, காகிதத்தில் நம் சட்டம் ஒருபடி மேல். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றால் பட்டாதாரர் மட்டும் இல்லை. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர் எல்லோரும் உண்டு. இவர்களைக் கணக்கெடுத்து, பொது விசாரணை வைத்து, சமூகத் தாக்க மதிப்பீடு செய்தபிறகே நிலத்தைத் தொட வேண்டும். அதன் பின்னால் நான்காம் அட்டவணை என்று ஒன்று ஒட்டியிருக்கிறது. அதில் உள்ள 13 மத்தியச் சட்டங்களின் கீழ் நிலம் எடுத்தால் இந்த மதிப்பீடு தேவையில்லை. மெட்ரோ ரயில் கட்டுமானச் சட்டம், 1978 அதில் ஒன்று.

தமிழ்நாடு இன்னும் ஒரு படி போனது. ஐந்தாம் அட்டவணை என்று தனியாக ஒன்றைச் சேர்த்து, மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. ஒன்று, நெடுஞ்சாலைச் சட்டம். இரண்டு, தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம். சென்னை மெட்ரோவுக்கு நிலம் எடுக்கும் அறிவிக்கைகளில் நீங்கள் பார்க்கும் பெயர் இதுதான். மூன்றாவது எது தெரியுமா? ஆதிதிராவிடர் மக்களுக்கு வீட்டுமனை போன்ற தேவைகளுக்காக நிலம் எடுக்கும் 1978-ஆம் ஆண்டு ‘அரிசன நலத் திட்டங்கள்’ சட்டம். நமக்கு மூன்று சென்ட் மனை கொடுக்க எழுதிய சட்டத்தை, நெடுஞ்சாலைக்கும் சிப்காட்டுக்கும் மெட்ரோவுக்கும் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மூன்றும் செல்லாது என்றது. சட்டமன்றம் அதே மாதம் புதிய சட்டம் போட்டு மூன்றையும் எழுப்பி உட்கார வைத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு கழகங்களுக்கும் இதில் கருத்து வேறுபாடு எதுவும் எனக்குத் தென்படவில்லை.

சமூகத் தாக்க மதிப்பீடு இல்லையென்றால் எண்ணப்படாமல் போகிறவர் யார்? பட்டாதாரருக்கு நோட்டீஸ் வரும், வக்கீல் வைத்துக்கொள்வார், கூடுதல் இழப்பீடு கேட்பார். அந்தக் கட்டடத்தின் பின்பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் தூய்மைப் பணியாளர் எந்தக் காகிதத்திலும் இல்லை. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொட்டப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் எந்தச் சாதியினர் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் கட்ட மெட்ரோ பூந்தமல்லிக்கும் மாதவரத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் போகிறது. தூண்கள் எழுந்துவிட்டன. அந்தத் தூண்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் வாடகை மூன்று ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு, காலி செய்துபோனவர்கள் எங்கே போனார்கள் என்று கணக்கெடுக்கும்படி எந்த அதிகாரியையும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஐந்தாம் அட்டவணையை நீக்கு, நான்காம் அட்டவணையிலிருந்து மெட்ரோவை எடு, வாடகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகச் சேர் என்று கேட்க வேண்டும். அரசு எண்ணும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்த நான்கு ஊர்களிலும் நம் தோழர்கள் இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தெருத் தெருவாகப் போய் நாமே எழுதத் தொடங்கலாம்.